முப்பது வருஷ மழை

என் வீட்டுக்காரர் வேம்புலியைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். பொண்டாட்டி ஆசையாக ஒரு முருங்கை மரம் வைக்கிறேன் என்றால் வேண்டாம் என்று சொன்ன மனுஷன் அவர். திருமுல்லைவாயில் முழுக்கத் தேடினாலும் முருங்கை இல்லாத வாசல் எங்கள் வாசலாகத்தான் இருக்கும். எல்லாவற்றுக்கும் காரணம் அங்கே முழங்கால் உயரத்துக்கு நிற்கிற ஒரு தகரக் குழாய். அதற்குப் பேர் மழைமானி. பெய்கிற மழை அதன் வாய் வழியாக உள்ளே இருக்கிற பாட்டிலில் போய்ச் சேரும். பாட்டில் நிரம்பினால் அதைச் சுற்றியிருக்கிற வெளி டப்பாவில் வழியும். தினமும் காலை எட்டரை மணிக்குப் பாட்டிலை எடுத்து, கோடு போட்ட கண்ணாடிக் கிளாஸில் ஊற்றிப் பார்த்து, எவ்வளவு என்று எழுத வேண்டும். மழை இல்லையென்றால் பூஜ்யம் என்று எழுத வேண்டும். இவ்வளவுதான் வேலை. இதற்காக எங்கள் குடும்பத்தையே வளைத்து வைத்தார்.

கல்யாணமாகி நான் பாரிவாக்கத்திலிருந்து வந்தபோது அவர் இங்கே ஒரு விதைப் பண்ணையில் கூலி வேலை பார்த்தார். அந்தப் பண்ணையில்தான் மழைமானி இருந்தது. நாற்பத்தேழாம் வருஷம் ஜனவரியில் வைத்தது. பண்ணை மேனேஜர் அளந்துகொண்டிருந்தார். அறுபத்தொன்றில் அவருக்கு முதுகு குனிய முடியாமல் போனதும், பண்ணையை ஒட்டியே குடியிருக்கிற ஆள், எண் எழுதத் தெரிந்த ஆள் என்று இவரிடம் கிளாஸைக் கொடுத்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வேலிக்குள் போக வேண்டும், சேறு தெறித்து உள்ளே போய்விடும் என்று ஒரு கட்டளையும் போட்டார். சேறே இல்லாத சித்திரை மாசத்திலும் இவர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவார். மாசம் முடிந்தால் கணக்கு வானிலை ஆபீசுக்குத் தபாலில் போகும்.

அறுபத்தாறில் ஆபீசிலிருந்து கோதண்டம் என்கிற அதிகாரி மழைமானியைப் பார்வையிட வந்தார். மோர் கொடுத்துவிட்டு நான் சும்மா இருக்காமல் கேட்டேன்.

"இருவது வருசமா அளந்துகினு கீறீங்களே சார், இன்னும் எத்தினி வருசம் அளப்பீங்கோ? இந்த ஊரு மழை இன்னான்னு இன்னுமா தெரில?"

அவர் சிரித்தார். "உங்களைப் பொண்ணு பாக்க வந்தப்போ உங்க மாமியார் எப்படிம்மா இருந்தாங்க?"

"சிரிச்சிகினே இருந்தாங்க."

"இப்போ?"

மாமியார் உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு மோர்ச் செம்பை எடுத்துக்கொண்டேன்.

"அதேதான்," என்றார். "மழையும் ரெண்டு நாள் பாத்துப் புரிஞ்சுக்கற விஷயமில்ல. அஞ்சு வருஷம் பாத்தா இது வறண்ட ஊருன்னு தோணும். இன்னொரு அஞ்சு வருஷம் பாத்தா வெள்ளக்காடுன்னு தோணும். நல்ல வருஷம், கெட்ட வருஷம் எல்லாம் ஒரு சுத்து வந்து போகணும். முப்பது வருஷம் ஒரே இடத்துல, விடாம அளந்தாத்தான் இந்த ஊர் மழை இவ்வளவுன்னு நம்பிச் சொல்லலாம். நடுவுல குழாயை இடம் மாத்தினா முதல்லேர்ந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்."

இவர் விரல் விட்டு எண்ணினார். "அப்போ எழுவத்தாறு முடியணும் சார்."

"முடியணும்."

"முடிச்சிர்லாம் சார்."

ஏதோ சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வேலை மாதிரி சொன்னார். இவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதை முடிக்காமல் தூங்க மாட்டார்.

மூன்று வருஷத்தில் பண்ணையை மூடினார்கள். அம்பத்தூரில் கம்பெனி மேல் கம்பெனியாக வந்துகொண்டிருந்த நேரம், நெல்லை விட நிலத்துக்குத்தான் கிராக்கி. நிலத்தை மனை போட்டு விற்றார்கள். பழைய ஆட்களுக்கு ஆளுக்கொரு மனை கொடுத்தார்கள். எங்களுக்கு வந்தது ரோட்டோர மனை, பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கம். நான் மனசுக்குள்ளேயே அங்கே ஒரு கடைகூட வைத்துவிட்டேன். மழைமானி இருந்த மனை உள்ளே தள்ளி, ஏரிப் பக்கம், வேறொருத்தருக்குப் போயிருந்தது. இவர் போய் மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். அந்த மனுஷன் இரண்டாம் பேச்சு பேசாமல் கையெழுத்துப் போட்டானாம். போடாமல் இருப்பானா?

நான் அழுதேன், திட்டினேன், பாரிவாக்கத்துக்கு மூட்டை கட்டினேன். "உனக்கு நான் வேணுமா, கொழா வேணுமா?" என்று கேட்டேன்.

"ரெண்டும் வேணும் நாகு. அது எழுவத்தாறு வரிக்கும். நீ அதுக்கு அப்பாலயும்," என்றார். இதற்கு மேல் அந்த ஆளோடு என்ன சண்டை போடுவது?

வீடு கட்டியபோதும் குழாய் வைத்ததுதான் சட்டம். எந்தப் பொருளும் அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் மழைமானியை விட்டுத் தள்ளி நிற்க வேண்டுமாம். இல்லாவிட்டால் சாய்கிற மழையை மறைத்துவிடும். அதனால் மனையின் கோடியில், குனிந்து போகிற உயரத்தில், ஒரு ஓட்டு வீடு. மாடி என்று பேச்செடுக்கக் கூடாது. முருங்கை கூடாது. துணி காயவைக்கிற கொடிக்குக்கூட எட்ட நின்று கையால் அளந்து இடம் காட்டினார்.

வேலை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கிடைத்தது. மற்றவர்கள் எல்லாம் பகல் ஷிப்டு கேட்டு மேஸ்திரியைக் கெஞ்ச, இவர் எனக்கு மத்தியான ஷிப்டே போதும் என்று எழுதிக் கொடுத்தார். காலை எட்டரைக்கு வீட்டில் இருக்க வேண்டும் அல்லவா. கம்பெனியில் காலை ஷிப்டுக்குக் கூப்பிட்ட நாளில் நான் அளந்தேன். எனக்கும் ஐந்தாம் வகுப்பு வரை படிப்பு உண்டு. குனிந்து, கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருந்தார். நான் பார்த்த நாளிலும் ஷிப்டு முடிந்து வந்து, "கண்ண நேரா வச்சிப் பாத்தியா?" என்று கேட்பார். சோற்றைப் போடாமல் விட்டுவிடலாமா என்று இருக்கும்.

எழுபத்துமூன்றிலிருந்து மழை ஏய்க்க ஆரம்பித்தது. ஏரி வெடித்துக் கிடந்தது. எழுபத்தைந்து ஆடியில் ஒருநாள் காலை மழைமானிக்குப் போனவர் அங்கிருந்தே ஒரு சத்தம் போட்டார். நான் பாம்பு கடித்துவிட்டது என்று ஓடினேன்.

குழாய்க்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, வாயில் வேப்பிலை சொருகியிருந்தது. வாய் நிறையக் கேழ்வரகுக் கூழ்.

வேலை எங்கள் பக்கத்துத் தெரு முனியம்மாவுடையது. அவளைக் குறை சொல்லவும் முடியாது. ஒரு ஆள் பல வருஷமாகத் தினமும் ஒரே நேரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு வேலிக்குள் போகிறார், குனிகிறார், கண்ணாடியைத் தூக்கிப் பார்க்கிறார், தண்ணீரைத் தரையில் ஊற்றிவிட்டு வருகிறார். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? மழைக்கு என்றே இருக்கிற ஒரு அம்மன், வேம்புலி பூசாரி என்று நினைத்துவிட்டார்கள். முந்தின நாள் சாயங்காலம் ஏழெட்டுப் பொம்பளைகள் குடத்தில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து அபிஷேகம் செய்து, கூழும் வார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அன்றைக்குப் பார்த்து இருட்டினபிறகு ஒரு மழையும் பெய்துவிட்டது. பாட்டிலில் இருக்கிற தண்ணீரில் வானத்திலிருந்து வந்தது எவ்வளவு, முனியம்மா குடத்திலிருந்து வந்தது எவ்வளவு என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

"பாத்தியா, ஆத்தா எறங்கிட்டா," என்று முனியம்மா வேலிக்கு வெளியே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "வாராவாரம் ஊத்திர்லாம் வேம்புலி."

அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. இத்தனை வருஷத்தில் மேனேஜரும் அவரும் ஒரு நாள்கூட விட்டதில்லை. இன்னும் ஒன்றரை வருஷம்தான் பாக்கி.

"இன்னாத்துக்கு இப்டி குந்திகினு கீற? ஆவடில எவ்ளோ பேஞ்சிதோ அத்தக் கேட்டு எழுதிடு. யாரு பாக்கப் போறாங்கோ?" என்றேன்.

"ஆவடி மழ ஆவடில பேஞ்சிது நாகு," என்றார். "நான் இங்க பேஞ்சத எழுதற ஆளு."

கணக்குத் தாளில் அன்றைய தேதிக் கட்டத்தில், அளக்க முடியவில்லை, ஊர்ப் பெண்கள் அபிஷேகம் செய்துவிட்டார்கள் என்று எழுதி அனுப்பினார். அனுப்பிவிட்டு, ஆபீசில் மொத்தத்தையும் தள்ளிவிடுவார்களோ என்று சரியாகச் சாப்பிடவில்லை. வேலிக்கு வெளியே ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, "இனிமே அபிசேகம் இங்கதான், ஆத்தா எடம் மாறிட்டா," என்று முனியம்மாவிடம் சொன்னார். அந்தக் கல்லுக்கு இன்றைக்கும் ஆடியில் கூழ் ஊற்றுகிறார்கள்.

அடுத்த மாசம் கோதண்டம் வந்தார். அபிஷேகக் கதையைக் கேட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு இவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"ஒரு நாள் காலியா இருந்தா ஒண்ணும் கெட்டுப் போகாது வேம்புலி. தெரியலைன்னு நீங்க எழுதினதாலதான் மத்த நாளையெல்லாம் நான் நம்பறேன். பொய்யா ஒரு நாள் ரொப்பியிருந்தா எந்த நாளை நம்பறதுன்னு எனக்குத் தெரியாம போயிருக்கும்."

அன்று ராத்திரி இவர் இரண்டு ஆள் சோறு சாப்பிட்டார்.

மனைகளுக்கு ஒரு சங்கம் இருந்தது. ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற மணவாளன் அதற்குத் தலைவர். எழுபத்தாறு பிறந்ததும் அவர் வீடு தேடி வந்து, கடைசிப் பத்து வருஷ மழை எவ்வளவு என்று கேட்டார். இவரும் பெருமையாக எழுதிக் கொடுத்தார். பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஏரி நிரம்பினால் தண்ணீர் வெளியேறுகிற வாய்க்கால் மனைகளுக்கு நடுவில் அகலமாக ஓடுகிறது. அதற்கு அந்தப் பக்கம்தான் சுடுகாடு. பத்து வருஷமாக வாய்க்காலில் முழங்கால் தண்ணீர்கூட வந்ததில்லை. ஒரு சிமெண்டுக் குழாயைப் புதைத்து, மண் கொட்டிப் பாதை போட்டுவிட்டால் இன்னும் பத்து மனை கிடைக்கும் என்பது சங்கத்தின் கணக்கு.

இவர் நேராக மணவாளன் வீட்டுக்குப் போனார். நானும் கூடவே போனேன்.

"அண்ணாத்தே, பத்து வருசம் பத்தாது. அதுக்கு முந்தி பெரிய மழ வந்துகீது. மேனேஜர் எழுதி வச்சிகீறாரு."

"அது பழைய காலம் வேம்புலி. இந்தப் பத்து வருஷம் நீயே உன் கையால அளந்தது. உன் கணக்கையே நீ நம்ப மாட்டியா?"

"என் கணக்கு சரி. ஆனா அது பத்து வருசத்துக் கணக்கு. ஊரோட கணக்கு இல்ல."

மணவாளன் கெட்டவர் இல்லை. யோசித்துப் பார்த்துச் சொன்னார். "உன் முப்பது வருஷம் எப்போ முடியுது? டிசம்பரா? முடிஞ்சதும் அந்த அதிகாரி கையால ஒரு கணக்கு வாங்கிட்டு வா. அதுல வாய்க்கால் வேணும்னு இருந்தா நான் தோண்டிக் குடுக்கறேன். இப்போதைக்குக் குழாய் போடறதை நிறுத்த முடியாது."

குழாய் போட்டார்கள். மண் கொட்டினார்கள். பத்து மனைக்கும் கல் நட்டார்கள். இவர் வேறு எதையும் பேசவில்லை, டிசம்பர் டிசம்பர் என்றே இருந்தார்.

ஐப்பசியில் அவருக்கு மஞ்சள் காமாலை கண்டது. கீழாநெல்லி கொடுத்தோம், ஆஸ்பத்திரியிலும் காட்டினோம். எழுத்து கோணலானதும் கிளாஸை என்னிடம் கொடுத்துவிட்டார். படுத்த இடத்திலிருந்து கதவு வழியாக நான் குனிகிறேனா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

நவம்பர் கடைசி வாரம் மழை பிடித்துக்கொண்டது. அந்த மழையை மெட்ராஸ் பக்கத்து ஆட்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். முதல் நாள் சாயங்காலமே ஓட்டின்மேல் விழுகிற சத்தத்தை வைத்து அவருக்குப் புரிந்துவிட்டது.

"நாகு, நாளிக்கி எட்டரைக்கு மட்டும் பாக்காத. பாட்டிலு ரொம்பி வெளி டப்பாலயும் வழிஞ்சிடும். அப்பால தரையோட பூடும். நடுநடுவுல போயி எடு."

"சரிய்யா, நீ பேசாத."

"சேத்து எழுது. உட்டுடாத."

அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். விடிகிற நேரத்தில் போய்விட்டார். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. இத்தனை வருஷம் கூட வாழ்ந்த பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுப் போக ஒரு நல்ல வார்த்தை கிடைக்கவில்லையா இந்த ஆளுக்கு?

மழை நிற்கவில்லை. நனைந்துகொண்டே வந்து பெண்கள் கூடி ஒப்பாரி வைத்தார்கள். நான் அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது, நின்றது, மறுபடி வந்தது. எதிர்ச் சுவரில் கடிகாரம். எட்டு மணியானது. எட்டேகால் ஆனது. நான் எழுந்தேன்.

"எங்கடி போற?"

"மழ அளக்க."

"புருசன் பொணத்த வச்சிகினு கொழாகிட்டயா போவ? புத்தி பிசகிச்சா?" என்று ஒருத்தி கையைப் பிடித்து இழுத்தாள். இன்னொருத்தி தோளை அழுத்தினாள். அவர்கள் சொல்வதுதான் நியாயம் என்று எனக்கே தெரிந்தது. அப்போது முனியம்மா எழுந்தாள்.

"உடுங்கடி அவள. இத்தினி வருசம் அந்தாளு அத்தத்தான காவல் காத்தாரு. நான் அதுல கூழ ஊத்தி அவரப் பட்டினி போட்டவ. வா நாகவல்லி, நான் வரேன்."

குடையை எடுத்துக்கொண்டு அவளும் வந்தாள். முற்றத்தில் கணுக்கால் தண்ணீர். வேலிக்கு வெளியே இரண்டு பேரும் செருப்பைத் தேடிக் கழற்றப் போனோம், எங்கள் காலில் செருப்பே இல்லை. நான் குனிந்ததும் முனியம்மா பாசமாகக் குடையை மழைமானிக்கு மேலேயே பிடித்தாள்.

"கொடைய அந்தாண்ட புடி முனியம்மா. அதும்மேல மழ உழணும்."

அவள் விலகி, நனைந்துகொண்டு நின்றாள். பாட்டில் நிரம்பி வெளி டப்பாவில் பாதி வந்திருந்தது. கண்ணில் மழையா அழுகையா என்று தெரியவில்லை, கோடு கலங்கிக் கலங்கித் தெரிந்தது. துடைத்துக்கொண்டு கண்ணை நேராக வைத்துப் பார்த்தேன். நான் கிளாஸ் கிளாஸாக ஊற்ற, அவள் விரல் மடக்கி எண்ணினாள். உள்ளே ஓடிவந்து எழுதினேன். மத்தியானம் மறுபடி போனோம். இருட்டுவதற்குள் மறுபடி. அதற்குப் பிறகு யாரும் எங்களைத் தடுக்கவில்லை.

அவரை அன்று எடுக்க முடியவில்லை. ஏரி வழிந்து வாய்க்காலுக்கு வந்த தண்ணீர், சங்கம் போட்ட குழாயையும் மண்பாதையையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. நட்ட கல் ஒன்றும் மிஞ்சவில்லை. மறுநாள் மழை விட்டபிறகு ரயில் பாதையை ஒட்டி ஊரைச் சுற்றித்தான் தூக்கிப்போனார்கள். மணவாளன் வயசானவர், முழு தூரமும் தோள் கொடுத்து நடந்தார்.

டிசம்பர் முடிந்தது. ஜனவரியில் கோதண்டம் வந்தார். மணவாளனும் வந்து உட்கார்ந்தார். வெள்ளத்துக்குப் பிறகு அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"எல்லா மனையும் வித்துட்டு வேற பக்கம் போயிடலாம்னு சங்கத்துல பேசறோம் சார். இது மனுஷன் இருக்கற இடமில்ல."

"பத்து வருஷத்தைப் பாத்துக் குழாய் போட்டீங்க," என்றார் கோதண்டம். "இப்போ ஒரு நாளைப் பாத்து ஊரையே விட்டுப் போறேங்கறீங்க. ரெண்டும் ஒரே தப்புதான் சார்." முப்பது வருஷக் கணக்கையும் விரித்துக் காட்டினார். மணவாளன் எழுதி வாங்கிப்போன பத்து வருஷத்துச் சராசரி முப்பது வருஷச் சராசரியை விட ரொம்பக் குறைவு. இந்தத் தடவை பெய்தது எல்லாவற்றையும் விடப் பெரியது. ஆனால் மேனேஜர் காலத்திலும் இதற்குக் கொஞ்சம்தான் குறைவாக இரண்டு தடவை பெய்திருக்கிறது. அப்போது வாய்க்கால் அகலமாக இருந்ததால் தண்ணீர் அதன் பாட்டுக்குப் போய்விட்டது.

"இந்த ஊர் மழை இவ்வளவுதான். இதுக்கு வழி விட்டுட்டு இருந்தா தாராளமா இருக்கலாம்."

மணவாளன் கணக்கை வெகுநேரம் பார்த்தார். "தோண்டிடறேன். அவனுக்குச் சொன்ன வார்த்தை," என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடி பங்குனிக்குள் வாய்க்காலைப் பழைய அகலத்துக்கு வெட்டி, பத்து மனையையும் ரத்து செய்தார்.

கோதண்டம் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தார். என் எழுத்து ஆரம்பிக்கிற இடத்திலிருந்து விரலை வைத்து இறங்கி, அந்தப் பெரிய எண்ணுக்கு வந்ததும் நிறுத்தினார்.

"இதே நாள்தானேம்மா அவர்?"

"ஆமா சார்."

அவர் அந்த எண்ணிலிருந்து விரலை எடுக்காமலே சொன்னார். "முப்பது வருஷத்துல முக்கியமான நாளே இதுதான். ஆனா இந்த ஒரு நாளை நீங்க விட்டிருந்தாலும் யாரும் உங்களை ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க."

"அவரு சொல்லியிருப்பாரு சார்," என்றேன்.

முப்பது முடிந்துவிட்டது, வேண்டுமானால் ஆபீசில் மழைமானியை எடுத்துக்கொள்வார்கள், உங்களுக்கும் சிரமம் குறையும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த முனியம்மா சாயங்காலமே ஒரு முருங்கைப் போத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். கை கனத்துக்கு, நல்ல போத்து. குழிகூட எங்கே என்று அவளே பார்த்துவிட்டாள்.

நான் அவளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய், அதை அவள் வீட்டுக் கொல்லையில் நட்டேன். காய்க்கிறதில் பாதி எனக்கு என்று பேச்சு. மறுநாள் எட்டரைக்கு வேலி ஓரம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். மழை இல்லை. பூஜ்யம் என்று எழுதினேன்.